கொடி வளைந்த இடம்

வியாழக்கிழமை காலை பாலக்கரையில் என் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமியின் தம்பி மகன்.

"சவரி சார், அத்தை ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா."

போர்டு எழுதுகிறவன் நான். அந்தத் தொடரை எத்தனையோ சாவு வீடுகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும், "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு முறை கேட்டேன். பாதி தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு சத்திரம் பஸ் நிலையம் போய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

மாமியின் வீட்டு வாசலில் எனக்கு முன்னால் ஒரு மாலை வந்திருந்தது. நிலைப்படியை விட அகலமான மாலை. அனுப்பியவர் வரவில்லை, பூக்கடைக்காரர் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போயிருந்தார். அதன் குறுக்கே ஒரு வெள்ளை ரிப்பன், தங்க நிறத்தில் 'என் வழிகாட்டிக்கு' என்ற எழுத்து, கீழே அனுப்பியவரின் பெயர். நான் அந்த ரிப்பனை மட்டும் அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அந்த மனிதரின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதமாட்டேன். மாமியின் பெயரை அவர் எழுதவில்லை. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. வடிவமைப்பாளர் என்று சொன்னால் திருச்சியில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நினைவுக் கூட்டம் நடத்துகிறவர்கள் அன்று வெளியிடும் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா எழுதுங்க ஐயா, பழசையெல்லாம் கிளற வேணாம்," என்றார்கள். பழசைக் கிளறாமல் இறந்தவரைப் பற்றி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மலருக்கு எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். இதைத் தனியாக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தொழிலை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. மற்றவர்கள் எழுதிய போர்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றேன். மாமியைத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

வேதவல்லி மாமி ரயில்வேயில் வரைபடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். வண்டிப் பாகங்களின் படங்களை அளவு பிசகாமல் பிரதி எடுப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற வருடம் என் கடைக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்த ஒரு பழைய சீலை. சுவாமிக்கு மேலே கட்டும் விதானத்தில் கிழிந்து மிஞ்சிய துண்டு அது. அவர்கள் வீட்டில் ஓலைச்சுவடிகளைச் சுற்றி வைத்திருந்தார்களாம். அரக்குச் சிவப்பில் கொடி, கொடியில் கிளி, கறுப்புக் கோட்டில் பூ. கை வேலை.

"இதைச் சுவர் முழுக்க வரையணும். சுவர்மேல இல்லை, காகிதத்துல. அப்புறம் காகிதத்தைச் சுவர்ல ஒட்டணும். உங்களால முடியுமோ?"

"சினிமா பேனர் நாப்பது அடி எழுதியிருக்கேன் மாமி."

"நாப்பது அடி யார் வேணா எழுதுவா. எனக்கு அரை அங்குலம் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போகச் சொல்லியிருப்பேன். அந்தச் சீலைதான் என்னைத் தடுத்தது. இப்படித்தான் எங்கள் கூட்டுத் தொழில் தொடங்கியது. மாமி பென்சிலில் முழு அளவுப் படம் போடுவார். நான் அதைத் தடித்த காகிதச் சுருளில் ஏற்றி வண்ணம் தீட்டுவேன். வண்ணம் கடையில் கிடைக்கும் வண்ணம்தான். அந்த அரக்குச் சிவப்பு வருவதற்கு மட்டும் நாங்கள் பதினோரு நாள் சண்டை போட்டோம். என் கோடு வேகமாக இருக்கிறது என்பார். "போர்டு எழுதற கை சவரி, பஸ் கிளம்பறதுக்குள்ள எழுதற கை," என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். மூன்று வாரம் நான் போகவில்லை. நாலாவது வாரம் அவரே பாலக்கரைக்கு வந்து, கடையில் மிஞ்சிக் கிடந்த தகரத்தில் நான் எழுதியிருந்த ஒரு 'ழ'வை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தச் சுழி இருக்கே, அதைக் கிளி மூக்குக்குக் கொடுங்கோ," என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. அதுதான் மன்னிப்பு.

சீலை ஒன்றோடு அவர் நிற்கவில்லை. வையம்பட்டிப் பக்கம் அய்யனார் கோயிலுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். மண் குதிரைகளின் கழுத்துச் சலங்கையையும் சேணத்துப் பட்டையையும் வெயிலில் நின்று நோட்டில் அளந்து எடுத்தார். தேரில் தொங்கவிடும் துணிக் குழாய்களான தொம்பைகளின் பட்டைகளை, தேர் நகராத நாளில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் படம் போட்டார். தொட்டியத்தில் வாழைத் தோட்டக்காரர் ஒருவர் தன் புது வீட்டுக்கு எங்கள் காகிதம் கேட்டார். மாமி வாழைப்பூவையே கொடியாக்கிக் கிளிகளை உட்கார வைத்தார். அந்த மனிதர் பார்த்துவிட்டுப் பதறினார்.

"மாமி, கிளி பழத்தைத் தின்னுதே! நாங்க வலை கட்டி விரட்டுறோம், நீங்க கூடத்துல கொண்டாந்து உக்கார வச்சிட்டீங்களே!"

"கிளி வராத தோட்டம்னு சுவர்ல எழுதி வச்சா, உங்க பழத்தை யார் வாங்குவா?"

அவர் சிரித்துவிட்டார். கிளிகள் இன்றும் அங்கே தின்றுகொண்டிருக்கின்றன.

இனி நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

தில்லை நகரில் ஒரு டாக்டர் வீட்டின் சாப்பாட்டு அறைக்குப் பதினோரு தாள் செய்தோம். படம் போடுவதற்கு முன்னால் மாமி சுவரை அளப்பார். ஜன்னல், ஆணி, ஏ.சி. குழாய்த் துவாரம் எல்லாம் நோட்டில் ஏறும். அந்தச் சுவரில் நட்டநடுவே ஒரு பழைய சுவிட்ச் போர்டு இருந்தது. பத்துக்கு எட்டு அங்குலம். ஐந்து சுவிட்ச், ஒரு பிளக், ஒரு ஃபேன் ரெகுலேட்டர். இடது மூலையில் ஒரு விரிசல். வேறு யாராக இருந்தாலும் காகிதத்தை ஒட்டிவிட்டு போர்டு வரும் இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்திருப்பார்கள். ஒரு கிளிக்குத் தலை போயிருக்கும். மாமி அப்படிச் செய்யமாட்டார். போர்டைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டு, கொடியை அதற்கு முன்னாலேயே திருப்பி வளைத்துக்கொண்டு போனார். ஆற்று நடுவில் பாறை கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி.

"சுவரைக் கேட்டுண்டுதான் கொடி போகணும்," என்பார்.

அந்த அறையைப் படம் பிடிக்க வந்தவர்தான் வடிவமைப்பாளர். வீடு, ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர், நல்ல பேச்சு. ஸ்ரீரங்கத்துக்குப் பழத்தட்டோடு வந்து மாமியின் காலில் விழுந்தார். சென்னையில் ஒரு கண்காட்சியில் வைக்கிறேன் என்று டாக்டர் வீட்டுப் படங்களின் பதினோரு பென்சில் மூலத் தாளையும் கேட்டார். மாமி யோசித்தார். நான்தான், "குடுங்க மாமி, நாலு பேர் பாக்கட்டும்," என்றேன். வந்தவர் என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார், அதில் மயங்கிவிட்டேன். சுருளைக் குழாயில் போட்டு அவருடைய காரின் பின் சீட்டில் வைத்தவன் நான். என் கையாலேயே வைத்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு மாதத்தில் தாள்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன.

அடுத்த வருடம் என் அக்கா பேரனுக்குக் கல்யாணம். திருச்சியில் புதிதாகத் திறந்த ஒரு ஓட்டலில் வரவேற்பு. மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட அறைக்குள் போனேன். கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்க எங்கள் கொடி. எங்கள் கிளி. மூக்கில் என் 'ழ'வின் சுழி. மெஷினில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில், ஒரு பக்கமாக, கொடி நின்று, திரும்பி, வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. வளைந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கட்டம்.

வேட்டியைப் பாதியில் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை, "தாத்தா, என்ன ஆச்சு?" என்று கத்தினான்.

மறுநாள் மாமி டேப்போடு வந்தார். அளந்தார். பதினாலுக்குப் பன்னிரண்டு. டாக்டர் வீட்டு போர்டு, அதோடு சுற்றிலும் இரண்டு அங்குலம். பக்கத்து அறை, அதற்கடுத்த அறை, எல்லாவற்றிலும் அதே கட்டம். முப்பத்தாறு அறைகளில் முப்பத்தாறு கொடிகள், இல்லாத ஒரு சுவிட்ச் போர்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போயிருந்தன. திருடியவருக்கு அது ஏன் வளைகிறது என்றுகூடத் தெரியவில்லை. அழகுக்காக வளைகிறது என்று நினைத்துவிட்டார். வரவேற்பு மேசையின் பின்னால் பித்தளைத் தகட்டில் 'வடிவமைப்பு' என்று போட்டு அவர் பெயர் மட்டும் பொறித்திருந்தது.

அவர் அலுவலகத்துக்குப் போனோம். எழுந்து நின்று நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார்.

"மாமி, கிளியும் கொடியும் யாருக்குச் சொந்தம்? கோயில் சீலையில இருக்கிறதுதானே. நீங்களும் அதுலேருந்துதானே எடுத்தீங்க?"

மாமி காபியைத் தொடவில்லை. "கிளி கோயிலோடது. கொடி கோயிலோடது. நான் இல்லேங்கலை. சுவிட்ச் போர்டு என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. "எந்த சுவிட்ச் போர்டு?" என்றார்.

மாமி எழுந்துவிட்டார். படி இறங்கும்போது நான் கொதித்தேன். அந்தப் பித்தளைத் தகட்டில் தார் பூசிவிட்டு வருகிறேன் என்றேன். வக்கீலிடம் போகலாம் என்றேன். "குறைஞ்சது மன்னிச்சிட்டேன்னாவது சொல்லுங்க மாமி, நான் நிம்மதியா தூங்குவேன்," என்றும் சொன்னேன்.

"மன்னிக்கிறது பெருமாள் டிபார்ட்மெண்ட். நான் டிராயிங் டிபார்ட்மெண்ட். காத்துண்டிருங்கோ."

இரண்டு வருடம் காத்திருந்தோம். அந்த இரண்டு வருடத்தில் வடிவமைப்பாளருக்குப் பத்திரிகைகளில் படம் வந்தது. மாமியிடம் வேலை கேட்க வந்தவர்கள், "அந்த ஓட்டல்ல இருக்கே, அதைப் பாத்து நீங்களும் பண்றீங்களா?" என்று கேட்டார்கள். தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் படத்தையே பார்த்துப் போடுகிறவர் என்ற பெயரை மாமி கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறக்கமாட்டேன்.

பிறகு ஒரு நாள் அந்த ஓட்டல் மேனேஜர் ஜமால் பாய் என் கடைக்கு வந்தார். பாலக்கரைக்காரர்தான், எங்கள் கதை அவருக்குத் தெரியாது.

"அண்ணே, சுவர்ல கொஞ்சம் கை வேலை இருக்கு. ஒவ்வொரு ரூம்லயும் ஒரு கட்டம் காலியா கிடக்கு. வாஸ்துக்காரர் வந்து பாத்துட்டு, தலைமாட்டுல வெறும் கட்டம் இருந்தா வாசல் மாதிரி, வர்ற லட்சுமி அது வழியா போயிடுவான்னு முதலாளியக் கிலி புடிக்க வச்சிட்டாரு. டிசைன் பண்ணவரக் கேட்டா, அது வெற்றிடம், அதுதான் கலைங்கிறாரு. நீங்க ஒரு பூவோ கிளியோ போட்டு அடைச்சுக் குடுங்கண்ணே."

நான் அவரை உட்கார வைத்துவிட்டு மாமிக்குப் போன் செய்தேன். ஜமால் பாய் கேட்டதை அப்படியே சொன்னேன். மாமி சிரித்தார். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"என்ன போடறதுங்கறது நம்ம இஷ்டம்னு மட்டும் கேட்டுக்கோங்கோ."

ஜமால் பாய் ஒப்புக்கொண்டார். "காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அண்ணே."

முதல் அறையில் மாமியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பென்சிலில் போட்டுக் கொடுத்தார். பத்துக்கு எட்டு. ஐந்து சுவிட்ச், ஒரு பிளக், ஒரு ரெகுலேட்டர். இடது மூலையில் விரிசல். நான் நிழல் கொடுத்து வண்ணம் தீட்டினேன். எல்லா சுவிட்சும் போட்ட நிலையில் இருக்க வேண்டும் என்றார். கம்பெனிப் பெயர் வரும் இடத்தில் எறும்பு அளவு எழுத்தில், 'வேதவல்லி, ஸ்ரீரங்கம்'. அந்த எழுத்தை மட்டும் நான் பஸ்ஸுக்கு அவசரப்படாத கையால் எழுதினேன்.

ஜமால் பாய் பார்க்க வந்தார். "என்னண்ணே இருட்டுல வேலை பாக்குறீங்க," என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போடக் கையை நீட்டினார். விரல் சுவரில் இடித்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எந்த வீட்டு போர்டு?"

மாமி எல்லாவற்றையும் சொன்னார். மூலத் தாளை விரித்துக் காட்டினார். ஜமால் பாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்," என்றார். "மிச்ச ரூமையும் முடிங்கம்மா. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முதலாளியிடம் வாஸ்துக்காரரே பேசிவிட்டார். போர்டு என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் அக்னி, தலைமாட்டில் அக்னி இருந்தால் விசேஷம் என்று. வந்து தங்குகிறவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒருவர் விடாமல் ஏமாந்தார்கள். ஏமாந்ததைச் சிரித்துக்கொண்டே படம் எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு படத்திலும் மாமியின் பெயர் போனது. வடிவமைப்பாளர் தன்னைப் பற்றிய அடுத்த பத்திரிகைக் கட்டுரைக்காகப் படம்பிடிப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்து அறைக் கதவைத் திறந்தபோது, அவருடைய முகம் எப்படி இருந்தது என்று ஜமால் பாய் எனக்கு நடித்தே காட்டினார். அழிக்கச் சொல்லிக் கத்தினாராம். முதலாளி, "அது அக்னி மூலை சார், கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டாராம்.

அறை காலியாகும் பகல் வேளைகளில் முப்பத்தைந்து அறைகளை முடித்தோம். முப்பத்தாறாவது மட்டும் முடியவில்லை. அது வடிவமைப்பாளர் திருச்சி வந்தால் தங்குவதற்கென்று ஒதுக்கிய அறை. தான் சொல்லாமல் யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மாமிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதும் கேட்டார்.

"அந்த ரூம் என்னாச்சு சவரி?"

"இன்னும் இல்ல மாமி."

"என்னால நாற்காலில உக்கார முடியாது. நீங்க அளந்துக்கோங்கோ. அரை அங்குலம் தப்பினா நான் மேலேருந்து பாத்துண்டிருப்பேன்."

அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசி வாக்கியம். பக்தி, வைகுண்டம், போய் வருகிறேன் எதுவும் இல்லை. அரை அங்குலம்.

இப்போது அந்த ஓட்டல் கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் தலைமை யார் தெரியுமா? அவர்தான். 'வழிகாட்டியின் நினைவில்' என்ற தலைப்பில் பேசுகிறார். எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒருவர் இறந்த பிறகு அவருக்கு வணக்கம் சொல்வது சுலபம். எழுந்து நின்று, 'சுவிட்ச் போர்டு என்னோடது' என்று சொல்ல மாமி இனி வரமாட்டார் என்ற தைரியம்.

நேற்று ஜமால் பாய் போன் செய்தார்.

"அண்ணே, சார் நாளைக்கு வர்றாரு. அவர் ரூம்ல ஏ.சி. பாக்கணும்னு சொல்லித் திறந்துட்டேன். மாமிக்காக ஒரு மணி நேரம் தர்றேன். முடியுமா?"

"முக்கா மணி போதும் பாய்."

மாமியின் டேப்பை அவருடைய தம்பி மகன் எனக்குக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு நேற்றே பகல் பன்னிரண்டு மணிக்குப் போனேன். அளந்தேன். பதினாலுக்குப் பன்னிரண்டு. நாலு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டேன். ஐந்து சுவிட்ச், ஒரு பிளக், ஒரு ரெகுலேட்டர், மூலையில் விரிசல். எல்லாம் போட்ட நிலையில். கீழே பெயர், மற்ற அறைகளில் எறும்பு அளவு, இங்கே கொஞ்சம் பெரிதாக. கண்ணாடி இல்லாமல் படுத்துக்கொண்டே படிக்க வசதியாக. இந்த ஒன்றில் மட்டும் மாமியைக் கேட்காமல் செய்தேன்.

தூரிகையைத் துடைக்கத் துணி தேடினேன். மாமி வீட்டுக்கு அன்று போட்டுப் போன சட்டைதான், பையில் அந்த ரிப்பன் இருந்தது. அது வண்ணத்தைச் சரியாக உறிஞ்சாத துணி. இருந்தாலும் தங்க எழுத்து மறையும் வரைக்கும் துடைத்தேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும். அவர் மாமியைப் பற்றி உருகிப் பேசியிருப்பார், கைதட்டியிருப்பார்கள். பேசிய களைப்பில் அறைக்குப் போய்ப் படுத்திருப்பார். திருச்சி வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தலைமாட்டுப் பக்கம் கையை நீட்டி ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பப் பார்த்திருப்பார்.

எந்த சுவிட்ச் போர்டு என்று இனி அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மாமி, முப்பத்தாறும் முடிந்தது. அரை அங்குலம்கூடத் தப்பவில்லை. வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.